கடாவும் விடையும்: வகுப்பறை ஆய்வு பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

பள்ளி ஆசிரியர்கள் நால்வர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கெங்கோ சுற்றி முடிவில் ‘ஆய்வு’ என்ற சொல்லில் வந்து நிற்பதைக் காணலாம். வடசென்னையில், இராயபுரம் கல்மண்டபம் தொடங்கித் தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியின் பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களோடு பேசும் வாய்ப்பு நமக்கு அடிக்கடி அமைகிறது. கல்லூரியில் நம்மிடம் தமிழ் பயின்று, பின் பி.எட். முடித்து, அப்பள்ளிகளுக்கே ஆசிரியராகச் சென்றவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் சொல்லும் ஒரு செய்தி சிந்தனைக்கு உரியது. அதிகாரி வகுப்பில் அமர்ந்திருக்கும் நாற்பது நிமிடம் அவர்களை அவ்வளவாக வருத்துவதில்லை. பாடம் சூடு பிடித்துவிட்டால் பிள்ளைகளின் முகமன்றி வேறெதுவும் தெரிவதில்லை. வருத்தமெல்லாம் மணி அடித்த பிறகு தலைமையாசிரியர் அறையில் நடக்கும் கால் மணிநேரப் பேச்சில்தான் இருக்கிறது. ‘நன்றாகத்தான் நடத்தினீர்கள், ஆனால்...’ என்று தொடங்கும் அந்தப் பேச்சில், தாம் ஓர் ஆசிரியர் என்பதே மறந்து, விசாரணைக்கு வந்தவர்போல் நின்றதாகப் பலரும் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்த அதிகாரி பெரும்பாலும் கடுமையானவர் அல்லர். முன்பு ஆசிரியராக இருந்தவர். பல வேளைகளில் நல்ல யோசனையும் சொல்பவர். பிறகு ஏன் இந்த நடுக்கம்? இதை ஆசிரியரின் தனிப்பட்ட மனக்குறையாகக் கருதி விட்டுவிடுவது எளிது. நாம் இதற்கு ஒரு வரலாறு இருப்பதாகக் கருதுகிறோம். தலைமையாசிரியர் அறையில் ஒலிக்கும் குரலுக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு வயது. அதற்கு முன்னும் ஆசிரியர்கள் மதிப்பிடப்பட்டார்கள். ஆயினும் மதிப்பிட்டவர் யார், மதிப்பிடப்பட்டவர் மறுமொழி சொல்ல இடம் இருந்ததா என்ற இரண்டில்தான் பழமையும் புதுமையும் வேறுபடுகின்றன.

ஒற்றியூர் மண்டபமும் நான்கு உவமைகளும்

திருவொற்றியூர்க் கோயிலில் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் இருந்ததைக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. ‘வியாகரண தான வியாக்கியான மண்டபம்’ என்பது அதன் பெயர். பாணினிக்கு இறைவன் இலக்கணம் அருளிய இடம் இது என்ற நம்பிக்கையை ஒட்டி அமைந்த அம்மண்டபத்தில் பாணினீயம் பயிற்றப்பட்டது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அம்மண்டபத்துக்கு அறக்கட்டளை ஏற்பட்டிருந்தது. இன்று கனரக லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு அருகே, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் ஒருவர் சூத்திரத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான், சீயகங்கன் என்னும் சிற்றரசனின் விருப்பத்திற்கு இணங்கப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். அதன் பொதுப்பாயிரம் நல்லாசிரியர் யார், ஆசிரியராகத் தகாதவர் யார் என்று வகுத்துச் சொல்கிறது. தகாதவருக்கு அது தரும் உவமைகள் நான்கு. கழற்சிக் காய் நிரப்பிய குடத்திலிருந்து காய்கள் போட்ட வரிசையில் வெளிவருவதில்லை. முறைமாறிப் பாடம் சொல்பவர் அத்தகையவர். மட்டை நிறைந்த பனை தன்னை யாரும் நெருங்க விடாது, தானாக உதிர்த்தால்தான் பழம். கேட்டுப் பெற இடம் தராதவர் அத்தகையவர். பஞ்சு அடைத்த குடுக்கையில் அடைப்பதும் கடினம், எடுப்பதும் கடினம். அரும்பாடுபட்டுக் கற்றதைச் சிறிது சிறிதாகவே வெளியிடுபவர் அத்தகையவர். வளைந்த தென்னைக்கு நீர் ஊற்றியவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் தோட்டத்தில். தம்மை வழிபட்டவனை விட்டுப் பிறனுக்குக் கற்பிப்பவர் அத்தகையவர்.

இன்றைய வகுப்பறை உற்றுநோக்கல் படிவத்தில் உள்ள ‘பாடம் படிநிலையில் அமைந்ததா’, ‘மாணவர் வினா எழுப்ப வாய்ப்பு தரப்பட்டதா’ போன்ற வினாக்களை இந்த உவமைகளோடு வைத்துப் பார்த்தால், நம் இலக்கண ஆசிரியர்கள் வகுப்பறையை எத்துணைக் கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள் என்பது புலப்படும். இந்த மதிப்பீட்டைச் செய்பவர் யார் என்பதும் கவனிக்கத்தக்கது. மாணவரும் கற்றோருமே செய்கின்றனர். வெளியிலிருந்து ஒருவர் ஏட்டோடு வந்து அமரும் ஏற்பாடு அதில் காணப்படவில்லை.

கடுமையான மதிப்பீடு இருந்ததில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டா. தொல்காப்பியப் பாயிரத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தொல்காப்பியர்மீது சினம் கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேட்கவேண்டா என அதங்கோட்டாசானிடம் கூறிவிடுகிறார். தொல்காப்பியரோ கேட்டருள வேண்டும் என வற்புறுத்துகிறார். இருவரையும் மறுக்க இயலாத அதங்கோட்டாசான், கேட்பது, ஆனால் கேட்டவற்றுக்கெல்லாம் குற்றம் கூறுவது என்று முடிவு செய்கிறார். குற்றம் காணும் நோக்கத்தோடே வந்து அமர்ந்த மதிப்பீட்டாளர் அவர்! அவர் எழுப்பிய கடாக்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார், நூல் அரங்கேறியது என்று கதை முடிகிறது. கடா என்பது தடை எழுப்பும் வினா; விடை என்பது அதற்கு உரியவர் தரும் மறுமொழி. கடா எவ்வளவு கடுமையாயினும் விடைக்கு இடம் இருக்கும்வரை மதிப்பீடு அவமானமாவதில்லை. இக்கதை வரலாறா புனைவா என்ற ஆராய்ச்சி தனி. நம் மரபு மதிப்பீட்டை எப்படிக் கற்பனை செய்தது என்பதற்கு இது சான்றாகிறது.

திண்ணையும் பதிவேடும்

பிற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியரை மதிப்பிட்டது ஊர். மகாநவமியை ஒட்டிப் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று பாடி, கோலாட்டம் போட்டு, ஆசிரியருக்குப் பரிசு பெற்றுத் தரும் மானம்பூ என்னும் வழக்கத்தை உ.வே.சா. ‘என் சரித்திர’த்தில் விவரிக்கிறார். பிள்ளை என்ன கற்றான் என்பதைத் தெருவே கண்டது, தன்னால் இயன்றதைக் கொடுத்தது. திண்ணைக் கல்வியைப் பொன்னுலகமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. பிரம்பும் கொடுந்தண்டனைகளும் அங்கே இருந்தன. சாதியின் பெயரால் திண்ணையில் ஏற முடியாதோர் பெருந்திரளாக இருந்தனர். நாம் கவனிப்பது ஆசிரியரை மதிப்பிட்ட முறையை மட்டுமே.

இந்தத் திண்ணைமீது முதலில் வந்து விழுந்த வெளிப்பார்வைகளுள் ஒன்று விந்தையானது. சென்னை எழும்பூரில் இருந்த இராணுவ ஆண் அநாதை விடுதிக்கு 1789இல் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே மூத்த மாணவனைக் கொண்டே இளையோருக்குக் கற்பிக்கச் செய்தார். நம் சட்டாம்பிள்ளை முறையை ஒத்த இந்த ஏற்பாட்டை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டன் எங்கும் பரவியது. பெல் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833இல் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே வழங்குகிறது.

பெல் திண்ணையிலிருந்து மணலையும் சட்டாம்பிள்ளையையும் எடுத்துக்கொண்டார். அவற்றோடு சேர்ந்து அவர் முறையில் முக்கிய இடம் பெற்றவை பதிவேடுகள்: அன்றன்று முடித்த பாட அளவு, குற்றம் செய்தவர் பெயர் எனத் தனித்தனி ஏடுகள். பள்ளியை நேரில் பார்க்காதவரும் ஏட்டைப் பார்த்து அறிந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை அவற்றுள் இருந்தது.

அடுத்த பெரும்பார்வை ஆளுநர் தாமஸ் மன்றோவுடையது. மாவட்ட ஆட்சியர்களிடமிருந்து பள்ளிகளின் விவரம் கேட்டு 1822இல் அவர் ஆணையிட்டார். 1826 மார்ச் 10ஆம் நாள் எழுதிய குறிப்பில், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தொகுத்துரைத்தார். சென்னை நகரில் வீட்டிலேயே கற்பிக்கப்படுவோர் பள்ளியில் பயில்வோரைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்ற செய்தியும் அதில் உண்டு. ஆசிரியர்களின் தரம் குறைந்திருப்பதற்கு அவர் கண்ட காரணங்களுள் முதன்மையானது வருவாய். ஆசிரியர் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் ஈட்டுவதில்லை. அத்தொகைக்குத் தகுதியானவர் வரமாட்டார் என்றார் மன்றோ. அவர் முன்வைத்த திட்டத்தில் கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் ஊதியம் குறிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டு ஆசிரியர்களைப் பற்றி அரசு எழுதிய முதற் குறிப்புகளுள் ஒன்று, குறையை அவர்கள்மேல் சுமத்தாமல் அவர்கள் வயிற்றைப் பார்த்தது என்பது நினைவில் நிறுத்தத்தக்கது. அத்திட்டம் பத்தாண்டுகளில் கைவிடப்பட்டது.

பணம் பேசிய காலம்

இன்று நாம் அறியும் ஆய்வாளர் 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கையோடு பிறந்தவர். மாகாணந்தோறும் கல்வித் துறை, அதற்கோர் இயக்குநர், அவருக்குக் கீழ் ஆய்வாளர்கள், தனியார் பள்ளிகளுக்கு மானியம் என்ற அமைப்பை அவ்வறிக்கை வகுத்தது. சென்னை மாகாணத்தின் முதல் இயக்குநராக அலெக்சாண்டர் அர்பத்நாட் 1855இல் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டில், 1856 ஜூலை முதல் நாள், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்த அரசு நார்மல் பள்ளி தோன்றியதும் அதே 1856இல்தான்.

மானியம் என்று வந்தவுடன் அதை எதன் அடிப்படையில் தருவது என்ற வினா எழுந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்தச் சட்டகம் அதற்கு ஒரு விடை சொன்னது. ஒரு பிள்ளையின் வருகைக்கு 4 ஷில்லிங். தேர்வுக்கு 8 ஷில்லிங். வாசித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றுள் பிள்ளை தோற்கும் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். ஆய்வாளர் வருவார், பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தேர்வு செய்வார், கூட்டிக் கழித்துத் தொகையை எழுதுவார். ‘பலனுக்கேற்ற மானியம்’ எனப்பட்ட இம்முறை 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஹண்டர் தலைமையிலான 1882ஆம் ஆண்டுக் கல்விக் குழுவும் தொடக்கக் கல்விக்கு இதனை ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்தியாவில் இது கைவிடப்பட்டது.

இம்முறையில் வகுப்பறைக்குப் பிந்தைய பேச்சு என்று ஒன்று தேவைப்படவே இல்லை. சொல்லவேண்டியதைத் தொகை சொல்லிவிட்டது. மானியத்தை நம்பிக் கஞ்சி குடித்த சிறுபள்ளி ஆசிரியருக்கு, ஆய்வாளர் வரும் நாள் விளைச்சல் நாளாகவோ பஞ்ச நாளாகவோ அமைந்தது. தேர்ச்சி பெறக்கூடிய பிள்ளை அவருக்கு வருவாய். தேறாத பிள்ளை நட்டம். மந்தமான பிள்ளை ஆசிரியரின் கவலையாக இருந்த நிலை மாறி, ஆசிரியரின் கணக்கில் ஒரு பற்றாக மாறியது. தேர்வன்று காய்ச்சலோடு தூக்கிவரப்பட்ட குழந்தைகளைப் பற்றியும், புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்து, தலைகீழாகப் பிடித்தபடியே ‘வாசித்த’ குழந்தைகளைப் பற்றியும் இங்கிலாந்தில் கதைகள் வழங்குகின்றன. அச்சத்தின் ஊற்றுக்கண் இங்கே இருக்கிறது. ஆய்வாளர்முன் பலவீனத்தை மறைப்பதே பிழைக்கும் வழி என்ற பாடத்தை ஆசிரியர் சமுதாயம் இந்த நாற்பது ஆண்டுகளில் கற்றுக்கொண்டது.

ஆய்வாளர்களுக்கும் இது உவப்பாக இல்லை. ஆங்கிலக் கவிஞரும் திறனாய்வாளருமான மேத்யூ ஆர்னால்ட் 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகவே வாழ்ந்தார். திறனாய்வுத் துறையில் அவர் பெயரைப் பாடமாகப் படிக்கும் நம் மாணவர்களுள் பலருக்கு இது தெரியாது. இம்முறை கற்பித்தலை இயந்திரமாக்கிவிடும் என்று தம் ஆண்டறிக்கைகளிலேயே அவர் எழுதினார். தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற எட்மண்ட் ஹோம்ஸ், 1911இல் வெளியிட்ட நூலில், பலனுக்கேற்ற மானியம் ஒழிந்த பிறகும் அதன் மனப்பழக்கம் ஆசிரியரையும் ஆய்வாளரையும் விட்டு நீங்கவில்லை என்று வருந்தினார். நம் கட்டுரையின் பொருளும் ஒருவகையில் அதுவே.

பேச்சு பிறந்த விதம்

பணம் விலகிய இடத்தில் சொல் வந்து அமர்ந்தது. இனி ஆய்வாளர் பாடத்தைக் கவனித்துக் கருத்துச் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? அதற்கான பயிற்சிக் களமாக விளங்கியவை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள். அங்கே ‘கிரிட்டிசிஸம் லெஸன்’ என்றொரு வழக்கம் உண்டு. பயிற்சி மாணவர் ஒருவர் பாடம் நடத்துவார்; விரிவுரையாளரும் சக மாணவர்களும் பின்னிருந்து குறிப்பெடுப்பார்கள்; முடிவில் குறைகள் வாசிக்கப்படும். இலக்கியத்தில் இதே சொல்லைத் திறனாய்வு என்கிறோம்; ஒரு படைப்பின் திறனைக் காண்பதும் அதில் அடங்கும். பயிற்சிப் பள்ளியில் அச்சொல் குறைகூறல் என்ற அளவில் சுருங்கிவிட்டது. இன்றும் பி.எட். மாணவர் தம் கற்பித்தல் பயிற்சியின்போது முதன்முதலாக எதிர்கொள்ளும் பின்னூட்டம் இவ்வடிவிலேயே அமைகிறது. பின்னாளில் அதிகாரியாகும்போது, தாம் கேட்ட குரலிலேயே பேசுகிறார்.

ஆய்வு ஏடும் இதற்குத் துணை நின்றது. அதிகாரி தம் கருத்தை எழுதிக் கையொப்பமிடுவார். ஆசிரியர் செய்யக்கூடியது, குறைகள் களையப்பட்டன என்று பின்னர் அறிக்கை தருவது மட்டுமே. ‘குறிப்பிட்டது குறையன்று, காரணம் இது’ என்று சொல்ல அவ்வேட்டில் இடமில்லை. அதங்கோட்டாசானின் கடா ஏட்டில் ஏறிவிட்டது. தொல்காப்பியரின் விடை ஏறவில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் வேலையே பணயமாயிற்று. ஆய்வு ஏட்டின் ஒரு வரியைக் காட்டி நிர்வாகி ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. தமிழ்நாடு அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1973 வந்த பிறகே, விசாரணையின்றி நீக்க முடியாது என்ற பாதுகாப்பு உறுதிப்பட்டது. அரசு ஆசிரியருக்கு வேறொரு நிழல் இருந்தது. ஒழுங்கு நடவடிக்கை விதியின் எண்ணான ‘பதினேழு பி’ என்பது ஆசிரியர் அறைகளில் இன்றும் ஒரு பெயர்ச்சொல்லாகவே வழங்குகிறது. கற்பித்தல் பற்றிய கருத்தையும் நடத்தை பற்றிய விசாரணையையும் ஒரே மனிதர் செய்யும்போது, அவர் எதற்காக வாய் திறக்கிறார் என்பது கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

இப்போக்கிலிருந்து விலகிய ஒரு முயற்சியையும் சொல்லவேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளித் துணை ஆய்வாளராகப் பணியாற்றி, 1954இல் கல்வித் துறையின் இயக்குநரானவர். அடிமட்ட ஆய்வாளரின் வாழ்வையும் ஆசிரியரின் வறுமையையும் நேரில் கண்டவர் என்பதை அவருடைய ‘நினைவு அலைகள்’ காட்டும். காமராசர் ஆட்சியில், 1950களின் பிற்பகுதியில், அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஆய்வின் திசையைத் திருப்பின. பள்ளிக்கு என்ன குறை என்று பட்டியலிட்டு, அதை ஆசிரியரிடம் நீட்டாமல் ஊராரிடம் நீட்டினர். கரும்பலகை, மணி, கட்டடம், சீருடை எனப் பொதுமக்கள் தந்தனர். அதிகாரியும் ஆசிரியரும் ஒரே பக்கத்தில் நின்று மூன்றாவது ஒன்றைப் பார்த்த அரிய காலம் அது.

பாயில் அமர்ந்த பார்வையாளர்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் மற்றொரு வாய்ப்பு அமைந்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி அனுபவத்தை ஒட்டிச் செயல்வழிக் கற்றல் முறையை 13 பள்ளிகளில் தொடங்கினார். பின்னர் அது மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும், 2007ஐ ஒட்டித் தமிழ்நாடு முழுமைக்கும் விரிந்தது. பிள்ளைகள் அட்டைகளை எடுத்துக்கொண்டு தத்தம் படிநிலையில் கற்பார்கள். ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அவர்களோடு அமர்வார். ஆசிரியர் பாயில் அமர்ந்தபின் பார்வையாளர் மட்டும் நாற்காலியில் அமர்வது அழகாக இராது. வட்டார வள மையத்திலிருந்து வந்த ஆசிரியப் பயிற்றுநர்களும் பாயில் அமர்ந்தார்கள். சிக்கிக்கொண்ட பிள்ளைக்கு அட்டையை விளக்கினார்கள். பிந்தைய பேச்சும் பல இடங்களில் அந்தப் பாயிலேயே நடந்தது. ‘இந்தப் படியில் நான்கு பிள்ளைகள் நிற்கிறார்கள், ஏன்?’ என்று கேட்டுத் தொடங்கும் பேச்சில் குற்றவாளி யாருமில்லை. அக்காலத்து ஆசிரியர்கள் சிலர் அதை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இவ்வாறு இருந்தது என்று சொல்வதற்கில்லை. திட்டம் மாநிலம் முழுவதும் பரவியபோது, அட்டைகள் சரியாக அடுக்கப்பட்டுள்ளனவா, சுவரின் கீழ்ப்பகுதிக் கரும்பலகையில் எழுத்து இருக்கிறதா என்று சரிபார்ப்பதே ஆய்வாகிவிட்டது என்ற குறையும் எழுந்தது. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் 2018இல் வட்டாரக் கல்வி அலுவலரானார். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வகுப்பறை உற்றுநோக்கல் கைப்பேசிச் செயலிக்குள் சென்றது. அத்திட்டத்தின் பலனை அளக்க பி.எட். மாணவர்களை அனுப்பும் ஏற்பாட்டை 2023இல் ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. இன்னும் பயிற்சியை முடிக்காதவர் தம் வகுப்பை மதிப்பிடுவதா என்ற மனவருத்தம் அதில் இருந்தது. அதைவிட ஆழமான அச்சம் ஒன்றும் இருந்திருக்கும் என்று நாம் கருதுகிறோம்: பிள்ளையைச் சோதித்துத் தம்மை அளக்கும் அந்தப் பழைய முறை வேறு உடையில் திரும்பி வருகிறதோ என்ற அச்சம்.

படிவத்தில் ஏறாத வடசென்னை

இந்த அச்சம் ஆசிரியரோடு நின்றுவிடுவதாயிருந்தால் இத்துணை நீளமாக எழுதவேண்டியதில்லை. அது இறங்கும் இடம் வேறு. ஆய்வு நாளில் கடைசி வரிசைக்கு நகர்த்தப்படுவது யார்? கேள்வி கேட்கும்போது ஆசிரியரின் கண் யாரைத் தவிர்த்துச் செல்கிறது? வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அன்று மட்டும் ‘உடம்பு சரியில்லை’ என்பது எப்படி? ஆசிரியர் அஞ்சும் வகுப்பில் முதலில் மறைக்கப்படுவது, உதவி மிகுதியாகத் தேவைப்படும் பிள்ளைதான்.

வடசென்னையில் அப்பிள்ளைகள் பலர். காசிமேட்டில் விசைப்படகில் செல்லும் தந்தைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். ஆண்டுத் தேர்வும் பள்ளித் திறப்பும் அந்த வருவாயற்ற நாள்களை ஒட்டியே வருகின்றன. வருகைப் பதிவேட்டைப் புரட்டும் பார்வையாளர் காண்பது சிவப்பு மையில் விழுந்த கோடுகளை மட்டுமே. 2023 டிசம்பரில் பெருமழை வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அம்மாத இறுதியில், 26ஆம் நாள் இரவு, அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் சுற்றுவட்டார மக்கள் வீட்டை விட்டு வெளியேறினர். அதன்பின் வந்த வாரங்களில் எழுத்துக்கூட்டி வாசிக்க மறந்த பிள்ளை ஏன் மறந்தது என்பதை எழுத எந்தச் செயலியில் கட்டம் உண்டு?

மொழியும் அப்படித்தான். வீட்டில் சென்னைத் தமிழோ தெலுங்கோ பேசும் பிள்ளையை எழுத்துத் தமிழுக்கு அழைத்துவர, ஆசிரியர் முதலில் அப்பிள்ளையின் சொல்லில் பேசுவார். சங்கரா, காரப்பொடி, சுதும்பு என்று மீன்பெயர்களை எழுதிக் காட்டி மெய்யெழுத்தைக் கற்பிப்பார். அந்த நிமிடத்தில் உள்ளே நுழையும் பார்வையாளருக்கு, ‘ஆசிரியர் கொச்சைமொழி பயன்படுத்துகிறார்’ என்று எழுத உரிமை உண்டு. அது உண்மையும்கூட. ஆனால் எந்தப் பிள்ளைக்காக, எந்தப் படியில் என்பதை ஆசிரியர் சொன்னாலன்றி அந்த உண்மை அரைகுறையானது. விடை வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது ஆசிரியரின் தன்மானத்துக்காக மட்டுமன்று. பார்வையாளர் பார்த்தது முழுமையடைவதற்காகவும்தான்.

விடைக்கு ஓர் இடம்

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் கோகன் என்பாரும் அவருடைய குழுவினரும் 1950களில் இதுபற்றிச் சிந்திக்கத் தொடங்கினர். அவ்வழியில் ராபர்ட் கோல்ட்ஹாமர் 1969இல் ஐந்து படிகளை வகுத்துக் காட்டினார். வகுப்புக்கு முன் ஆசிரியரோடு பேசுதல், வகுப்பைக் காணுதல், கண்டதை ஆராய்தல், ஆசிரியரோடு மீண்டும் பேசுதல், இறுதியாக அந்தப் பேச்சு எப்படி இருந்தது என்று பேசியவரே தம்மை ஆராய்தல். முதற்படியும் கடைசிப்படியும் நம் கவனத்துக்குரியவை. எதைப் பார்க்கவேண்டும் என்று முதலில் ஆசிரியரைக் கேட்கிறார்கள். முடிவில் பார்வையாளரும் தேர்வுக்கு உட்படுகிறார். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடிப் பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர் கண்டு, பின் அந்தப் பாடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். திட்டம் எல்லோருடையதும் ஆதலால் குறையும் எல்லோருடையதாகிறது. பின்லாந்து 1990களின் தொடக்கத்தில் பள்ளி ஆய்வு முறையையே நீக்கியது. இங்கிலாந்தில், ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் மதிப்பிடும் வழக்கம், தலைமையாசிரியை ஒருவரின் துயர மரணத்துக்குப் பின் எழுந்த எதிர்ப்பை அடுத்து 2024இல் கைவிடப்பட்டது.

வெளிநாடுகளை நோக்கித்தான் போகவேண்டும் என்பதில்லை. கிஜுபாய் பதேகா 1930களின் தொடக்கத்தில் குஜராத்தியில் எழுதி, தமிழில் ‘பகல் கனவு’ என வந்துள்ள நூலில், புதிய முறையில் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் சென்று ஒரு வகுப்பை ஓராண்டுக்குக் கேட்டுப் பெறுகிறார். அதிகாரி ஐயப்படுகிறார், வந்து பார்க்கிறார், தேர்வு என்னாகும் என்று கேட்கிறார். ஆசிரியர் ஒவ்வொரு முறையும் விடை சொல்கிறார். அந்நூலின் புகழ் ஆசிரியரின் கதைகளுக்கும் விளையாட்டுகளுக்கும் உரியதாக இருக்கலாம். நமக்கு அந்த அதிகாரியும் முக்கியமானவராகப் படுகிறார். ஐயத்தோடு இருந்தும் பதிலுக்குக் காது கொடுத்தவர் அவர்.

பார்வையாளரே வேண்டா என்பது நம் கருத்தன்று. வகுப்பைத் திறந்து காட்டாத ஆசிரியரால் பிள்ளைகள் பட்ட இழப்பும் வரலாற்றில் உண்டு. நன்னூலாரின் மட்டை நிறைந்த பனையை நாம் மறக்கவில்லை. இரண்டு மாற்றங்களே போதும் எனத் தோன்றுகிறது. ஒன்று, கற்பித்தல் பற்றிப் பேச வருபவரின் கையில் அன்று ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் இருக்கலாகாது. மற்றொன்று, ஆய்வு ஏட்டிலோ செயலியிலோ அவர் குறிப்புக்குப் பக்கத்தில் அதே அளவில் ஓர் இடம் ஆசிரியருக்கும் வேண்டும். அவர் அதில் எழுதும் முதல் வரி, ‘மூன்றாம் வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு இன்னும் வாசிக்க வரவில்லை, என்ன செய்யலாம்?’ என்று அமையக்கூடும். அப்படி ஒரு வரியை அச்சமின்றி எழுத முடிகிற நாளில்தான், 1862இல் வகுப்பறைக்குள் புகுந்த அந்தக் கணக்கேடு மூடப்பட்டதாக நாம் கொள்ளலாம்.